ஒரு முறம் தவிடு

நான் பெற்றது ஒன்பது, நின்றது ஏழு. எங்கள் வீடு திருத்தணி மலையடிவாரத்தில் பஸ் போகிற ரோட்டைப் பார்த்த வீடு. அந்த ஒரு பாவத்துக்காக, அந்தக் காலத்துக் குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்தை எங்கள் சுவரில்தான் எழுதினார்கள். சிவப்பு முக்கோணம், பக்கத்தில் 'நாம் இருவர் நமக்கு இருவர்'. எழுத வந்த பெயிண்டருக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது என் மூத்தவன். டப்பாவைத் தூக்கிக்கொண்டது இரண்டாவது. பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது மூன்றாவது. நாலாவதை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். மனிதர் மோரைக் குடித்தார், என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். முக்கோணத்துக்கு இன்னொரு தடவை பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்.

சுவர் சொன்ன கணக்குப்படி என்றால் மூத்த இரண்டு பேரோடு நின்றிருக்க வேண்டும். அந்த இரண்டு பேரும்தான் இப்போது வீட்டை இடிக்கிறார்கள். அதை நினைத்தால் கேட்காததே நல்லது என்று தோன்றுகிறது.

இடிப்பது லாட்ஜ் கட்டுவதற்கு. மலைக்கு வருகிற ஜனம் தங்க இடமில்லாமல் அலைகிறதாம். போன தை மாதம் என் இரண்டாவது மகன் சுப்பிரமணி ஒரு பிளெக்ஸ் பேனரை எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் விரித்தான். யாருடைய கல்யாணத்திலோ எடுத்த என் போட்டோ, பக்கத்தில் இருந்தவர்களை வெட்டிவிட்டு என்னை மட்டும் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். மேலே 'மணியம்மை ரெசிடென்சி'. கீழே 'தாயின் மடியில் தங்குங்கள். ஏசி அறைகள், அட்டாச்டு பாத்ரூம்.'

“நல்லா கீதாமா?” என்றான்.

“நல்லா கீதுடா. எனக்கு எந்த ரூமு?”

அவன் சிரித்துவிட்டான். “உனக்கு இன்னாத்துக்குமா ரூமு? உனக்குத்தான் ஏழு வூடு கீதே.”

ஏழு வீடு இருக்கிறவளுக்கு ஒரு வீடும் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

ஏற்பாட்டை மூத்தவன் சந்திரமோகன் செய்தான். அவன் அரக்கோணத்தில் ரயில்வேயில் இருக்கிறான். ஆட்களுக்கு டியூட்டி போட்டுப் பழகினவன், எனக்கும் டியூட்டி போட்டான். மாதத்துக்கு ஒரு வீடு. அரக்கோணம், நகரி, பள்ளிப்பட்டு, சென்னை என்று நான் சுற்றிவர வேண்டும். பிள்ளைகளுக்குள் இதில் பெரிய சண்டை இல்லை. பிப்ரவரி யாருக்கு என்பதில்தான் கொஞ்சம் மனஸ்தாபம் வந்தது.

எனக்கு வேண்டியது இந்தத் தெரு ஒன்றுதான். ரோட்டில் போகிறவர்கள் “இன்னா மணிமா, சாப்ட்டியா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போகிற இடம் இது. பக்கத்து வீட்டில் தபிதாள் மாட்டைத் திட்டுகிற சத்தத்தில்தான் எனக்குப் பொழுது விடியும். சென்னையில் என் கடைசி மகன் ராஜீவ் வீட்டில் பொழுது விடிவதே தெரியாது, அத்தனை கெட்டியான திரைச்சீலை. என் ஐந்தாவது பிள்ளை உதயா இதே தெருவில்தான் இருக்கிறாள். “எனக்கு மாசம் வேணாம். அம்மாவ மொத்தமா என்கிட்ட உட்டுடுங்க” என்று கேட்டாள். அண்ணன்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று ஆண் பிள்ளைகள் இருக்க, தாய் மொத்தமாகப் பெண் வீட்டிலேயே கிடந்தால் ஊர் காறித் துப்பாதா? அதுவும் உதயா குடியிருப்பது கிறிஸ்தவர் வீட்டின் பின்பக்கத்தில். நான் எங்கே தூங்க வேண்டும் என்பதை முடிவுசெய்வது என் முதுகுவலி இல்லை, அவர்கள் மானம்.

இவ்வளவு மானமுள்ள பிள்ளைகளை நான் எப்படிப் பெற்றேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

சுப்பிரமணி பிறந்தது ஆடிக் கிருத்திகை அன்று. வலி எடுத்ததும் ஆள் அனுப்பினேன். போய்ச் சேர்ந்துவிட்ட என் வீட்டுக்காரர் பரசுராமன் அப்போது மலையடிவாரத்தில் செருப்பு ஸ்டாண்டு வைத்திருந்தார். வருஷத்திலேயே அன்றைக்குத்தான் வியாபாரம். “சாயங்காலம் வரைக்கும் தாங்காதான்னு கேட்டுகினு வா” என்று போனவனையே திருப்பி அனுப்பினார். நானும் என் மாமியாரும் நடந்தே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். கூப்பிடு தூரம்தான், ஆனால் நடுவில் காவடி, பம்பை, மஞ்சள் துணி கட்டிய ஜனசமுத்திரம். பாதி வழியில் ஒரு வலி வந்தது பாருங்கள். யாருடைய காவடிக் கம்பையோ பிடித்துக்கொண்டு மலை அதிரக் கத்தினேன்.

பம்பைக்காரர்கள் என்னைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். நான் கத்தக் கத்த அவர்கள் அடித்தார்கள், அவர்கள் அடிக்க அடிக்க எனக்கு வலி ஏறியது. ஒருவர் கற்பூரம் காட்டினார். ஒருத்தி என் கழுத்தில் மாலை போட்டாள். “அய்யா, அது புள்ளத்தாச்சிய்யா!” என்று என் மாமியார் தொண்டை கிழியக் கத்தியது யார் காதிலும் விழவில்லை. விழுந்தவர்களும் “முருகனே வயித்துல கீறான்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சித்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் என் காலில் விழுந்து, “அம்மா, மா பில்லக்கி பெள்ளி எப்புடு?” என்று தெலுங்கில் மகள் கல்யாணத்தைக் கேட்டார். எனக்கு இருந்த ஆத்திரத்தில், “தூரப் போடா, பாவி!” என்றேன். அவர் பெண்டாட்டி பரவசமாகிவிட்டாள். மகளுக்குத் தூரத்துச் சம்பந்தம் என்று சாமி சொல்லிவிட்டதாம். என் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள்.

மாலையும் கழுத்துமாக, நெற்றி நிறைய விபூதியோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தவள் அந்த வருஷத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். எலுமிச்சம்பழத்தைப் பிசைந்துகொண்டேதான் சுப்பிரமணியைப் பெற்றேன். மறுவருஷம் அந்தச் சித்தூர்க்காரர் தாம்பாளத்தில் புடவையோடு வந்து, சாமியாடின அம்மாவைத் தெருத்தெருவாகத் தேடினாராம். பெண்ணுக்கு விசாகப்பட்டினத்தில் இடம் அமைந்துவிட்டதாம். நான் அப்போது மூன்றாவது பிள்ளைக்காக உள்ளே படுத்திருந்தேன்.

பிறந்ததே சந்தடியில் என்பதால் சுப்பிரமணிக்குச் சந்தைப் புத்தி. இப்போது மனை வாங்கி விற்கிறான். விலை பேசாமல் அவனால் ஒரு பொருளைத் தொட முடியாது. முழம் பூவுக்குப் பூக்காரியிடம் கால் மணி நேரம் நிற்பான். அவள் அலுத்துப்போய் அளந்து கொடுத்த பிறகும், “இன்னும் ஒரு சாண் உடு” என்று கையை நீட்டிக்கொண்டே இருப்பான். சாமிக்குத்தானே என்றால், சாமிக்கு எதற்கு ஏமாந்த பூ என்று என்னையே கேட்பான்.

என் வீட்டுக்காரருக்கு அபாரமான ஞாபகசக்தி. ஆயிரம் ஜோடி செருப்பு குவிந்து கிடந்தாலும் ஆளின் முகத்தைப் பார்த்ததும் அவர் செருப்பை எடுத்து வைத்துவிடுவார். ஆனால் சொந்தப் பிள்ளைகளில் மூன்றாவது யார் என்று கேட்டால் விரலை மடக்கி எண்ணுவார். யாரும் திரும்ப வாங்க வராமல் மிஞ்சிப்போகிற செருப்புகள் எங்கள் வீட்டுக்கு வரும். என் பிள்ளைகள் ஏழு பேரும் அடுத்தவர்கள் சாமி கும்பிட வந்த செருப்பில் வளர்ந்தவர்கள். கால் வளர்ந்ததற்கு ஏற்பச் செருப்பு கிடைக்கவில்லை, கிடைத்த செருப்புக்கு ஏற்பக் கால் வளர்ந்தது.

பிரசவ வார்டில் நர்ஸம்மாவுக்கு என் முகம் பழகிவிட்டது. “இன்னா மணியம்மா, சீசன் டிக்கெட் எடுத்து வெச்சிகினு கீறியா?” என்பாள். நான் படுக்கையைக்கூடக் கேட்க மாட்டேன், ஜன்னலோரம் என்று எனக்கே தெரியும். ஒவ்வொரு முறையும் 'இதுதான் கடைசி' என்று நானும் சொல்வேன், அவரும் சொல்வார். அவர் சொன்னதை நான் நம்பினதுதான் தப்பு.

எப்படி வளர்த்தாய் என்று கேட்கிறார்கள். யார் வளர்த்தது? அதுகள் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டன. குறுக்கே வந்ததைத் திட்டினேன், கைக்கு அகப்பட்டதற்குச் சோறு போட்டேன். அகப்படாதது தபிதாள் வீட்டில் சாப்பிட்டது. செலவு மிச்சம் என்று எல்லோரையும் ஒரே நாளில் மலைக்குக் கூட்டிப்போய் மொட்டையடித்தோம். வரிசையாக உட்கார்ந்திருந்த மொட்டைத் தலைகளைப் பார்த்து, வசதியான அம்மா ஒருவர் அநாதை ஆசிரமத்துப் பிள்ளைகள் என்று நினைத்து ஆளுக்கொரு புளியோதரைப் பொட்டலம் கொடுத்தார். என் வீட்டுக்காரர் பணிவாகக் கும்பிட்டுத் தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டார்.

லாட்ஜுக்குப் பூமி பூஜை போட்ட அன்று சந்திரமோகன் மைக்கைப் பிடித்து, “எங்க அம்மா எங்க ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா நெலாவக் காட்டி சோறு ஊட்டினாங்க” என்று பேசினான். நிலாவைப் பார்க்க எனக்கு எங்கே நேரம் இருந்தது? ஆனாலும் கேட்க நன்றாக இருந்ததால் நான் மறுக்கவில்லை.

இனி சொல்லப் போவதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நாலு பிள்ளைக்குப் பிறகு எனக்கு இரண்டு தங்கவில்லை. ஒன்று தீட்டுக் கழிவதற்குள் போய்விட்டது. அடுத்தது உட்காரப் பழகி, முகம் பார்த்துச் சிரிக்கப் பழகி, அப்புறம் போனது. பிள்ளை போனது மனசுக்குத் தெரியும், மாருக்குத் தெரியாது. அது பாட்டுக்குச் சுரந்துகொண்டே இருந்தது. ரவிக்கை நனையும்போதெல்லாம் அழுதேன். வீட்டில் நாலு இருக்கிறதே என்று ஆறுதல் சொன்னவர்களை அடிக்கலாம்போல இருந்தது.

அதற்கடுத்துப் பிறந்தவள்தான் உதயா. அவளையாவது நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று என் மாமியார் ஒரு வழி சொன்னார். இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிறதுதான். பிள்ளையை வேறு ஒருத்தி மடியில் போட்டு, “இது உன் பிள்ளை” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பிறகு ஒரு முறம் தவிட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவளிடமிருந்து பிள்ளையை விலைக்கு வாங்கிவர வேண்டும். எமன் வந்து கேட்டால், “இது என் வயிற்றுப் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கினது” என்று சொல்லிவிடலாம். தவிட்டு விலைக்குப் போகிற பொருளை எமனும் சீந்த மாட்டான்.

யார் மடியில் போடுவது? என் மாமியார் யோசிக்கவே இல்லை, தபிதாளைக் காட்டினார். “வேதக்காரங்க வூட்டுக்கு எமனுக்கு வழி தெரியாதுடி” என்றார்.

தபிதாள் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். அவள் புருஷன் சுந்தர்சிங்குக்கு மணவூர் ரயில்வே ஸ்டேஷனில் வேலை. பென்சன் என்ற பெயரில் ஒரே பையனோடு நிறுத்திக்கொண்டவள். எங்கள் வீட்டுச் சுவரில் எழுதியிருந்ததை அந்தத் தெருவில் ஒழுங்காகப் படித்தவள் அவள் ஒருத்திதான். நான் போய் விஷயத்தைச் சொன்னதும், “எங்க சர்ச்சு ஐயருக்குத் தெரிஞ்சா சபைய உட்டே தள்ளிடுவாரு” என்றாள். சொல்லிக்கொண்டே மடியை விரித்தாள். “குடு புள்ளய.”

கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். தவிட்டை முறத்தில் அள்ளினேன். அந்த நேரம் பார்த்து சுப்பிரமணி மூக்கில் புளியங்கொட்டையைத் திணித்துக்கொண்டு வந்து நின்றான். முறத்தைப் போட்டது போட்டபடி அவனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எடுக்க எடுக்கக் கொட்டை உள்ளே போனது. திரும்பி வந்து பார்த்தால் தவிட்டை ஆடு தின்றுவிட்டிருந்தது. சாயங்காலம் தபிதாளே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். “பசிக்குக் கத்துது. பால் குடு மொதல்ல. தவுடு அப்பறம் குடுப்ப.”

அந்த 'அப்பறம்' வரவே இல்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைக்காரிக்கு மறதி கிடையாது, வரிசைதான் உண்டு. வரிசையில் தவிட்டின் முறை வருவதற்குள் இன்னும் இரண்டு பிள்ளை பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் ஆகிவிட்டது.

தபிதாள் மட்டும் விடவில்லை. உதயாவை நான் அடிக்கக் கையை ஓங்கினால் மதில் சுவருக்கு மேலே தலை தெரியும். “ஏய் மணி! என் புள்ளமேல கைய வெக்காத. தவுடு குடுத்தியா நீ?” விலை கொடுக்காத பொருளை எப்படி அடிப்பது? ஏழு பேரில் அடி வாங்காமல் வளர்ந்தவள் உதயாதான். தபிதாள் பக்கத்தில் உட்கார்ந்து படித்து, அவள் சேர்த்துவிட்ட இடத்தில் நர்ஸ் படிப்பு முடித்து, இப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். சுந்தர்சிங் காலமாகிவிட்டார், பென்சன் கனடாவில் இருக்கிறான். உதயா தன் புருஷனோடும் மகள் அபியோடும் தபிதாள் வீட்டின் பின்பக்கத்தில் குடியிருந்துகொண்டு, அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். அப்படியே மதில் வழியாக எனக்கும்.

லாட்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். முன்பக்கத்தை இடித்தாகிவிட்டது, முக்கோணம் போன இடம் தெரியவில்லை. தண்ணீருக்குப் போர் போட்டார்கள். முதல் இடத்தில் புழுதி வந்தது. இரண்டாவது இடத்தில் இன்னும் நல்ல புழுதி வந்தது. அட்டாச்டு பாத்ரூமுக்குத் தண்ணீர் இல்லாமல் தாயின் மடியில் யார் தங்குவார்கள்? பள்ளிப்பட்டிலிருந்து பக்தவச்சலம் என்ற ஜோசியரைக் கூட்டிவந்தார்கள். அவர் மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டு, “இந்த வூட்டு ரத்தம் ஒண்ணு, வெல தீராம வெளிய நிக்கிது. அது உள்ள வந்தாத்தான் தண்ணி வரும்” என்றார். பிள்ளைகள் அசந்துபோய்விட்டார்கள். இவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையில் அவருக்குக் காபி கொடுத்துக்கொண்டே நான் தவிட்டுக் கதையை முழுசாகச் சொல்லியிருந்தேன். மூக்கில் போன புளியங்கொட்டைக்கு அவர் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்.

செய்தி கேட்டு உதயா கொதித்துவிட்டாள். “நாப்பது வருசமா ஒருத்தனுக்கும் நெனப்பு வரல. போருல தண்ணி வரலன்னதும் தங்கச்சி நெனப்பு வந்துச்சா? நா இன்னா மோட்டாரா?”

தபிதாள் அதற்கு மேல். “நா விக்கல. போ.”

பிள்ளைகள் என்னைத் தூது அனுப்பினார்கள். நான் போய்த் தபிதாள் வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். “கூரை பாதி இல்லாம எத்தினி நாளுக்குப் படுத்துகினு கெடக்கிறது? ஒரு மொறம் தவுடுதானே. எனக்காக வந்து நில்லு” என்று உதயாவிடம் சொன்னேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “வூடு கட்டிட்டா மட்டும் உன்ன உள்ள உடுவாங்களாமா?” என்றாள். நான் புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்தேன். “சரி, உனக்காகத்தான் வரேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை என்று நாள் குறித்தார்கள். தவிடு கொண்டுவருகிற பொறுப்பு ராஜீவுக்கு. அவன் சென்னையிலிருந்து பளபளப்பான ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்தான். கொழுப்பைக் குறைக்கும் என்று அதில் எழுதியிருந்ததாம். தபிதாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். “இத எந்த மாடுப்பா தின்னும்?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். சுப்பிரமணி தீவனக் கடைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். போன வேகத்தில் வரவில்லை. ஒரு முறம் தவிட்டுக்கு அவன் பேசின பேச்சில் கடைக்காரர் சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகும், “இன்னும் ஒரு புடி போடு” என்று கேட்டு வாங்கிவந்ததைப் பெருமையாகச் சொன்னான்.

தபிதாள் வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடினோம். ஏழு பிள்ளைகளும் ஒரே இடத்தில் நின்றதைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். தபிதாள் கண்ணை மூடி, “ஆண்டவரே, இந்த அஞ்ஞான காரியத்த மன்னிச்சிடும்” என்று ஜெபம் செய்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். உதயா நர்ஸ் உடுப்பில் வந்திருந்தாள், பத்து மணிக்கு டியூட்டி. அவள் தபிதாள் மடியில் உட்கார வேண்டும் என்றார் ஜோசியர். தபிதாளின் முட்டி தாங்காது என்று உதயா மறுத்துவிட்டாள். கடைசியில் தலையை மட்டும் மடியில் வைத்தால் போதும், சாஸ்திரம் ஒத்துக்கொள்ளும் என்று முடிவாயிற்று. வைத்தாள். தபிதாள் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள், எடுக்கவே இல்லை. ஜோசியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் செருமினார்.

முறத்தைத் தூக்கிக்கொண்டுபோய் நான் கொடுத்தேன். தபிதாள் வாங்கிக்கொண்டாள். உதயா எழுந்து என் பக்கம் வந்து நின்றாள். அவ்வளவுதான், நாற்பது வருஷத்துக் காரியம் முடிந்துவிட்டது. ராஜீவ் செல்போனில் படம் எடுத்தான்.

“அப்பாடா” என்றான் சந்திரமோகன். “மா, பொட்டியெல்லாம் கட்டிட்டியா? நாளைக்கி காலைல வண்டி. இந்த மாசம் நம்ம வூடு.”

நான் அவனைப் பார்த்தேன். தபிதாளைப் பார்த்தேன். அவள் அந்த முறத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது.

“தபிதா, அந்தத் தவுட்ட கீழ வெக்காத” என்றேன். “அப்படியே சுப்பிரமணி கையில குடு. குடுத்துட்டு என்ன வாங்கிக்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

“இன்னாமா பேசற?” என்றான் சுப்பிரமணி.

“பொண்ணு வூட்ல தாய் கெடந்தா மானம் போவும்னீங்க. கெடக்க வேணாம். வித்துடுங்க. வித்த பொருள் எங்க கெடந்தா உங்களுக்கு இன்னா?” ஜோசியரிடம் திரும்பினேன். “சாமி, சாஸ்திரத்துல எடம் கீதா?”

பக்தவச்சலம் யோசித்தார். அவருக்கு வேறொரு வீட்டில் அழைப்பு இருந்தது. “புள்ளைய வாங்கலாம்னா, தாய வாங்கக் கூடாதுன்னு எங்கியும் சொல்லல” என்றார்.

நான் காத்திருந்தேன். அதை மறைக்க மாட்டேன். இந்தத் தெருவிலேயே கிடக்க வேண்டும் என்றுதான் கேட்டேன், கேட்டது கிடைக்க வேண்டும் என்றுதான் நின்றேன். ஆனாலும் ஏழு பேரில் ஒன்று, “எங்க அம்மாவ நாங்க குடுக்க மாட்டோம்” என்று ஒரு சத்தம் போடும் என்று எதிர்பார்த்தேன். அன்றைக்குக் காவடிக் கூட்டத்தில் இவர்களுக்காக நான் போட்ட சத்தத்தில் கால் பங்கு போதும்.

“ஊருல கேட்டா பரிகாரம்னு சொல்லிக்கலாம்” என்றான் சந்திரமோகன்.

“போருக்கு இதனால எதுனா பிரச்ன வருமா?” என்று ராஜீவ் ஜோசியரைக் கேட்டான். வராது, இன்னும் விசேஷம் என்றார் அவர். நகரியில் இருக்கிற என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பள்ளிப்பட்டில் இருப்பவள், “எங்க மாமியாரும் முடியாம கீறாங்க, எனக்கும் செரமந்தான்” என்றாள். அவளுக்கு அடுத்த மாதம் முறை. கடைசிப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள்.

உதயா என் கையைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள், வலித்தது.

தபிதாள் எழுந்து முறத்தை நீட்டினாள். “இந்த வயசுல எனக்கு ஒரு கைக்கொழந்த” என்று சொல்லி, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

சுப்பிரமணி இரண்டு கையாலும் முறத்தை வாங்கினான். ஒரு தரம் குனிந்து தவிட்டைப் பார்த்தான். பூக்காரியிடம் கால் மணி நேரம் நிற்கிறவன், தீவனக்காரர் சும்மா கொடுத்ததற்கே விலை பேசினவன். என் பிள்ளையாயிற்றே, எனக்குத் தெரியாதா? வாயைத் திறக்கப் போகிறான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒரு பிடி போடு என்றுகூட அவன் கேட்கவில்லை.